நாலு எஞ்சின் புஷ்பக விமானம்

ஆகஸ்ட் 24, சனி

இன்று மூக்கை அறுத்தேன். சின்ன ரம்பத்தால், மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல. லிபரேட்டர் குண்டுவீச்சு விமானத்தின் மூக்கு. நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவு, பிளாஸ்டிக். பெட்டியில் வந்த மூக்கில் துப்பாக்கிக் கூண்டு இருக்கிறது. எனக்கு வேண்டியது அதற்கு முந்தைய ரகம், மூக்கு முழுக்கக் கண்ணாடி. போர்க்காலத்தில் வங்காளத்து ஓடுதளங்களிலிருந்து பர்மா பக்கம் பறந்த ரகம். கண்ணாடி மூக்கோடு வேறு கிட் கிடைக்காதா என்றால், கிடைக்கும். வெட்டாமல் கொள்ளாமல் ஒட்டி வைத்தால் அதற்கு என்ன மரியாதை?

நீலா ஈரக் கையோடு வந்து பார்த்தாள். "புதுசா வாங்கிண்டு வந்து முதல் காரியமா அறுக்கறேளே. கடைக்காரன்கிட்ட சொன்னா அவனே அறுத்துக் கொடுத்திருப்பானே?"

எல்லாம் சன்யாலுக்காக. சன்யால் பாபு இந்த வங்காளத்து ஊரில் எங்கள் விமான மாடல் கிளப்பின் நிரந்தர நடுவர். ரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்தி ஓய்வு பெற்றவர், எதையும் லென்ஸ் வைத்துத்தான் பார்ப்பார். போன வருடம் என் ஹரிக்கேன் விமானத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, கிளப் மொத்தமும் நிற்கும்போது, "பாஹ், சுந்தர் கேல்னா" என்றார். அழகான பொம்மையாம். விளையாட்டுச் சாமான்! அன்றைக்கு நான் சாப்பிடாமல் வீட்டுக்கு வந்தேன்.

அக்டோபர் 6 கண்காட்சி. அந்த வார்த்தையை அவர் வாயாலேயே திரும்ப வாங்க வைக்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம். பரிசு கொடுத்தால் வேண்டாமென்று சொல்லப் போவதில்லை, அது வேறு விஷயம்.

ஆகஸ்ட் 29, வியாழன்

கண்ணாடி மூக்கு செய்யும் விதம்: மரத்தில் அச்சு செதுக்க வேண்டும். வங்காளி இனிப்பான சந்தேஷ் வரும் டப்பாவின் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடியை அடுப்பில் காட்டி இளக்கி, அச்சின் மேல் இழுத்து அழுத்த வேண்டும். மூன்று மூடி பொசுங்கின. ஒவ்வொரு மூடிக்கும் ஒரு டப்பா சந்தேஷ் வருகிறது, அதைத் தீர்ப்பதும் நானேதான்.

"மூக்குக்காக சுகரை ஏத்திக்கற மனுஷன் லோகத்துல நீங்கோ ஒருத்தர்தான்" என்றாள் நீலா. ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து வைத்திருக்கிறாள். நாற்றம் போகவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

மூக்கு வந்துவிட்டது! நான்காவது மூடி. குமிழி இல்லை, சுருக்கம் இல்லை, கண் மாதிரி இருக்கிறது. தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன்.

நீலா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இந்த வருஷம் கொலு உண்டு" என்றாள். "மகாளயத்துக்குள்ள ஹால் மேஜையைக் காலி பண்ணுங்கோ."

போன வருடம் என் அண்ணா போனதால் கொலு இல்லை. அதற்கு முந்தைய வருடம் வைத்தாள், வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். லேக் மார்க்கெட் பக்கம் இருந்த நம் தமிழ் ஜனங்கள் பாதிப் பேர் பெண் வீடு, பிள்ளை வீடு என்று பெங்களூருக்கும் புனேக்கும் போய்விட்டார்கள். மிஞ்சின சுண்டலை வாட்ச்மேனுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தோம். மூன்றாம் நாள் அவர் வயிற்றைத் தொட்டுக் காட்டிக் கும்பிட்டார்.

"யார் வந்தா என்ன, வராட்டா என்ன, நான் வெக்கறதை வெப்பேன்" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் மூக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

விஸ்வகர்மா பூஜை. வானமெல்லாம் பட்டம். ரம்பத்துக்கும் அரத்துக்கும் பொட்டு வைத்தேன். பெயின்ட் உலரட்டும் என்று மின்விசிறியை நிறுத்தினேன். வீட்டில் பேச்சும் நின்றது.

செப்டம்பர் 28, சனி

முடிந்தது. நானே செய்தேன் என்று நம்ப முடியவில்லை. அடிவயிற்றுத் துப்பாக்கிக் கூண்டை எடுத்து, ஓட்டையை அடைத்துத் தேய்த்தேன். கை வைத்துத் தடவினாலும் தெரியாது. மூக்கை மட்டும் இன்னும் ஒட்டவில்லை, சும்மா செருகியிருக்கிறேன். உள்ளே தூசி தட்டிவிட்டுக் கண்காட்சிக்கு முதல் நாள் ஒட்டினால் போதும்.

நீலா தானாகவே வந்து பார்த்தாள். "இந்தக் கண்ணாடிக்குள்ள யார் உட்காருவா?"

"குண்டு போடறவன்."

"காலியா இருக்கே, பாவம்."

அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

அக்டோபர் 2, புதன். மகாளயம்

எழுதினாலாவது கோபம் அடங்குமா பார்க்கிறேன்.

காலையில் கங்கைக் கரைக்குத் தர்ப்பணத்துக்குப் போனேன். ஊரே அங்கேதான் இருந்தது, திரும்பும்போது மத்தியானம் ஆகிவிட்டது. கதவைத் திறந்தால் ஹாலில் கொலு. ஐந்து படி, வெள்ளை வேஷ்டி விரித்து. மூன்றாம் படியில் என் லிபரேட்டர்!

நடு முதுகில் ராமர், சீதை, லக்ஷ்மணர். வாலில் ஹனுமார். நாலு எஞ்சினுக்கும் சந்தனம் குங்குமம். மூக்கைக் கழற்றி, குண்டு போடுபவன் இடத்தில் பிள்ளையாரை உட்கார வைத்து, திரும்ப மூடியிருக்கிறாள். எல்லாம் சூப்பர் க்ளூ. ஒட்டினதும் தூசி படக்கூடாதென்று புடவை வரும் பிளாஸ்டிக் கவரைப் போட்டு மூடி வைத்தாளாம். ஐயோ, அந்தப் பசையின் ஆவி அடைபட்டால் கண்ணாடி வெள்ளையாகப் பூத்துவிடுமே! பூத்துவிட்டது. பிள்ளையார் பனிமூட்டத்துக்குள் தெரிகிறார். என் மூக்கு! நாலு டப்பா சந்தேஷ்! என் சுகர்!

"மண் புஷ்பக விமானம் பரண்லேர்ந்து இறக்கறச்சே உடைஞ்சு போச்சு" என்றாள், ரொம்ப சாதாரணமாக. "பட்டாபிஷேகத்துக்கு ராமர் நடந்தா வருவார்?"

எடுக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

"கலசம் வெச்சாச்சு. படியில ஏத்தினதை விஜயதசமி வரைக்கும் நகத்தப்படாது."

"ஞாயித்துக்கிழமை கண்காட்சிடீ! அது குண்டு போடற விமானம், நீலா. யுத்த விமானம்!"

"ராமர் மட்டும் எங்கேர்ந்து வரார்? யுத்தத்துலேர்ந்துதானே?"

முப்பது வருடம் இன்ஷூரன்ஸ் ஆபீசில் எத்தனை பேர் வாயை அடைத்திருக்கிறேன். இன்று ஈர வேஷ்டியை உலர்த்தப் போய்விட்டேன்.

அக்டோபர் 4, வெள்ளி

சன்யாலுக்கு போன் செய்தேன். லிபரேட்டரைக் கொண்டு வர முடியாது என்றேன்.

"உடைந்துவிட்டதா?"

"இல்லை. அதில் ராமர் இருக்கிறார்."

"எந்த மார்க்கில்?" என்று கேட்டார். மார்க் என்றால் விமானத்தின் ரக எண்.

எல்லாவற்றையும் சொன்னேன். வங்காளியில் சொன்னால் இன்னும் அசட்டுத்தனமாக இருக்கிறது. நகர்த்த முடியாத மாடலை நடுவர் அது இருக்கும் இடத்துக்கே போய்ப் பார்க்கலாம் என்று கிளப் விதி இருக்கிறதாம், ஞாயிறு சாயங்காலம் வருகிறாராம். விதியை எழுதினதும் அவர்தான். வரட்டும். பூத்த மூக்கையும் பார்க்கட்டும். இந்தத் தடவை கேல்னா என்றுகூடச் சொல்ல மாட்டார், சிரிப்பார்.

அக்டோபர் 5, சனி

கீழ் வீட்டு ரத்னா பௌதி, இங்கே எல்லோருக்கும் அண்ணி, நேற்று வெற்றிலை பாக்குக்கு வந்தவள், செல்போனில் வீடியோ எடுத்து யார் யாருக்கோ அனுப்பிவிட்டாள். "ப்ளேன் தாக்கூர்" என்று பெயரும் வைத்துவிட்டாள். விமான சாமி.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைத் திறந்தால் மாடிப்படி முழுக்க ஜனம். கரியாஹாட் கடைத்தெருவிலிருந்து பையும் கையுமாக அப்படியே வந்திருக்கிறார்கள். துர்க்கை பூஜைக்குப் பந்தல் பந்தலாகப் போய்ப் பார்க்கிற ஊர், எங்கள் வீட்டையும் கணக்கில் சேர்த்துவிட்டது. தெரு பூஜை கிளப்பின் செயலாளர் பாப்பாய், தொந்தியும் விசிலுமாக, கயிற்றோடு வந்து நின்றார். முன் வாசலில் 'உள்ளே', சமையலறைப் பின்வாசலில் 'வெளியே'. அம்புக்குறி போட்டு ஒட்டிவிட்டார். "தீம் என்ன தாதா? போரா, சமாதானமா?" என்று என்னை அண்ணா முறை வைத்துக் கேட்டார். இங்கே ஒவ்வொரு பந்தலுக்கும் ஒரு தீம் உண்டு.

"என் பெண்டாட்டியைக் கேளுங்கோ" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

நீலா தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "எஷோ, எஷோ" என்று ஒவ்வொருவரையும் வாங்கோ வாங்கோ என அழைத்து, கையில் சுண்டலைத் திணிக்கிறாள். ஒரு கீர்த்தனை பாடினாள். கைதட்டினார்கள். இன்னொன்று பாடினாள். அவள் முகத்தை இப்படிப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று? எனக்குக் கோபம் கோபமாகத்தான் வருகிறது. ஆனாலும் இரண்டாம் தடவை கடலை ஊறப்போட்டது நான்தான்.

அக்டோபர் 6, ஞாயிறு

சன்யால் வந்தார். பாப்பாய் அவரையும் வரிசையில்தான் நிறுத்தினார்.

உள்ளே வந்ததும் யாரையும் பார்க்கவில்லை, லென்ஸை எடுத்தார். இறக்கை, எஞ்சின், சக்கரம். சந்தனத்தைக்கூட விடவில்லை. மூக்கருகே வந்ததும் நின்றுவிட்டார்.

"உறைபனி! பர்மா மலைகளுக்கு மேலே உயரத்தில் பறக்கும்போது பிடிக்கிற பனி. ஜம்பு பாபு, இதை எப்படிச் செய்தீர்கள்?"

"அது... ஒரு தனி முறை."

"புடவைக் கவர்!" என்றாள் நீலா சமையலறையிலிருந்து.

படி விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அடிவயிற்றைப் பார்க்க மண்டியிட்டார். தெரியவில்லை போலிருக்கிறது, அப்படியே தரையில் குப்புறப் படுத்துக் கழுத்தைத் திருப்பினார். பின்னால் நின்ற ஜனத்துக்கு அது சாஷ்டாங்க நமஸ்காரம். முன்வரிசை படுத்தது, பின்வரிசை படுத்தது, பாப்பாயும் கயிற்றோடு படுத்தார். மாடிப்படியில் படுக்க முடியாதவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வீட்டில் நின்றுகொண்டிருந்தது நானும் சுண்டல் கரண்டியோடு நீலாவும்தான்.

சன்யால் எழுந்து, ஸ்கேலை எடுத்து ராமரை அளந்தார். "மூன்று புள்ளி ஆறு சென்டிமீட்டர். நாற்பத்தெட்டால் பெருக்கினால் ஐந்தடி எட்டங்குலம். சரி. ஆனால் ஹனுமார் ஒன்பதடிக்கு மேல் போகிறார். அளவு தப்பு."

எங்கிருந்துதான் எனக்கு அவ்வளவு ரோஷம் வந்ததோ! "ஹனுமாருக்கு ஏது அளவு? கடல் தாண்டும்போது ஒரு அளவு, சீதையைப் பார்க்கும்போது ஒரு அளவு. அவர் இஷ்டம்!"

ஜனம் "டிக், டிக்", சரிதான் சரிதான் என்று என் பக்கம் தலையாட்டியது. சன்யால் லென்ஸைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஜம்பு பாபு, இது கேல்னா இல்லை."

அந்த வார்த்தை! ஒரு வருடமாகக் காத்திருந்த வார்த்தை.

"இது தாக்கூர்" என்றார். "சாமிக்கு மார்க் போட நான் யார்? போட்டியிலிருந்து நீக்குகிறேன்." கும்பிட்டார். இரண்டு தடவை சுண்டல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

ஜெயித்தேனா, தோற்றேனா? நீலாவைக் கேட்டேன். "தேங்காய் துருவுங்கோ" என்றாள்.

அக்டோபர் 9, புதன். சஷ்டி

லேக் மார்க்கெட்டில் இரண்டு கடையில் கொண்டைக்கடலை தீர்ந்துவிட்டது. எங்களால்தான் என்று கடைக்காரர் திட்டினார்.

அக்டோபர் 12, சனி. விஜயதசமி

சாயங்காலம் டாக் மேளம் மாடிப்படி ஏறி வந்தது. பின்னால் பாப்பாய். "தாதா, எங்கள் துர்க்கையோடு உங்கள் ப்ளேன் தாக்கூரையும் கொடுங்கள். பாபு காட் படித்துறையில் சேர்த்தே கரைத்துவிடலாம். வேனில் இடம் இருக்கிறது."

கரைப்பதா? என் லிபரேட்டரை கங்கையிலா?

ரத்னா பௌதி அதற்குள் தட்டோடு வந்து வழியனுப்பவே ஆரம்பித்துவிட்டாள். எஞ்சினுக்குக் குங்குமம் இட்டு, சந்தேஷ் துண்டை எடுத்து மூக்கில் அப்பினாள். சந்தேஷ் டப்பாவில் பிறந்த மூக்கு, அதற்கு சந்தேஷ் ஊட்டல். பெண்கள் குலவையிட்டார்கள். இரண்டு பேர் தூக்கவே கை வைத்துவிட்டார்கள். எனக்கு ஒரு பாஷையும் வரவில்லை. வங்காளி, இந்தி, தமிழ், ஒன்றும்.

நீலா குறுக்கே வந்து இரண்டு கையையும் விரித்து நின்றாள். தூணாட்டம்.

"ஜொலே ஜாபே நா" என்றாள். தண்ணீருக்குப் போகாது. "குமோபே." தூங்கப் போகிறது.

மேளம் நின்றது. சாமி தூங்கப் போகிறது என்றால் யார் கொட்டுவார்கள்? பாப்பாய் உதட்டில் விரல் வைத்தார். அத்தனை பேரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நுனிக்காலில் படி இறங்கினார்கள்.

கதவைச் சாத்தினதும் நீலா மூச்சு வாங்கினாள். "எத்தனை நாள் கண்ணைக் கெடுத்துண்டு பண்ணினது. தண்ணில போடறாளாமே!" என்றாள். அவள் அதையெல்லாம் கவனித்தாள் என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

கொலு முடிந்த ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைக்க வேண்டும். "இதையே படுக்க வெச்சுடலாம்" என்றாள். எழுபது சென்டிமீட்டர் இறக்கை, சாய்த்தால் மேல் படியில் இடிக்கும். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து சோபாவில் ஒருக்களித்துக் கிடத்தினோம். அவள் லாலி பாடினாள். நான் மின்விசிறியை நிறுத்தினேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

ராமரைப் பிரிக்கலாம் என்று கத்தியோடு உட்கார்ந்தேன். கத்தியைத் துடைத்து வைத்துவிட்டேன். சந்தேஷை மட்டும் பல் பிரஷ்ஷால் எடுத்தேன்.

நவம்பர் 17, ஞாயிறு

சன்யால் போன் செய்தார். மழை, மெட்ரோ கூட்டம், என் சுகர் என்று சுற்றி வளைத்துப் பேசினார். வெலிங்டன் குண்டுவீச்சு விமானம் ஒன்று செய்துகொண்டிருக்கிறாராம், கிளப்பில் வைத்தால் பத்துப் பேர் பார்ப்பார்களாம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அடுத்த வருடம் உங்கள் படியில் ஒரு இடம் கிடைக்குமா?" என்றார்.

நானா சும்மா விடுவேன்!

"சன்யால் பாபு, அந்தப் படியில் நாங்கள் கேல்னா மட்டும்தான் வைப்போம். உங்களுடையது கேல்னாவா?"

எதையோ மேஜையில் வைக்கிற சத்தம் கேட்டது, லென்ஸாகத்தான் இருக்கும்.

"கேல்னாதான், ஜம்பு பாபு" என்றார்.

நீலாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"மூக்கை ஒட்டாம கொண்டு வரச் சொல்லுங்கோ" என்றாள்.