தீயை இழுத்துப் போட்ட காலை

1929 மே 9

மழை விடவில்லை. கஹவத்தைப் பக்கத்து ஓடைகள் எல்லாம் செம்மண் நிறம். அந்தத் தண்ணீர்தான் எங்கள் தோட்டத்தில் தேயிலை அரைக்கும் ஸ்டோரின் பாய்லருக்குள்ளும் போகிறது. அதை ஓட்டுவது என் வேலை. காலையில் நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயைத் திறந்து ஊதிப் பார்த்தேன். தண்ணீர் துள்ளி ஏற வேண்டும், சோம்பலாக ஏறியது. கீழே சேறு அடைக்கிறது. குழாய் அடைத்துவிட்டால் உள்ளே தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்?

கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் பாய்லரைச் சுத்தம் செய்ய வாக்குவாதமே இல்லை. சுற்றிலும் கடல், ஓட இடமில்லை. இங்கே ஓடுவதற்கு மலை இருக்கிறது. அதனால் எல்லாருக்கும் துணிச்சல்.

மே 12

என் பெண்சாதி றஹீமாவின் தம்பி றஊப் கொழும்புத் துறைமுகத்திலிருந்து வந்தான். ரங்கூன் கப்பலுக்கு எஞ்சின் அறை ஆள் எடுக்கிறார்களாம். "மாசக் கடைசிக்குள்ள வாங்க மச்சான். எடம் நிச்சயம்."

அவன் போனபிறகு றஹீமா சொன்னாள்: "போறதெண்டா போங்க. இங்க இரிந்துகொண்டு கடல்ல கெடக்காதீங்க. நீங்க பொரளுற பொரள்ல எனக்கும் ஒறக்கமில்ல."

கடல்தான் வேண்டுமா, இந்தப் பாய்லரை விட்டுத் தொலைந்தால் போதுமா? எனக்கே தெரியவில்லை.

மே 14

ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் இரத்தினசபாபதி ஐயாவிடம் கேட்டேன். பாய்லரை ஆறவிட்டு, திறந்து, சேற்றைச் சுரண்ட வேண்டும் என்றேன்.

"இந்த மாசத்திலயோ? கொழுந்து கொட்ட இடமில்லாமல் கிடக்குது. மழை குறையட்டும், பாப்பம்."

"அதுக்கெடையில தகடு எரிஞ்சி போகும் ஐயா."

"உமக்குத் துரையைத் தெரியாதே? என்னைத்தான் பிடிப்பார்."

கெட்ட மனுஷன் இல்லை. யாழ்ப்பாணத்தில் மூன்று பெண்பிள்ளைகள். அவருக்கும் பயம்தான், அவர் பயம் தோட்டத்துத் துரையிடம், என்னுடையது தகட்டிடம்.

மே 15

பாய்லர் இன்றும் ஓடியது.

மே 18

றஊபுக்கு வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மனம் லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

சாயந்தரம் சாம்பல் அள்ளிக்கொண்டிருந்த பழனியாண்டி கூப்பிட்டான். அடுப்புக்கு விறகு போடுகிறவன், அதிகம் பேசமாட்டான். "காமில் நானா, இத கொஞ்சம் பாருங்க. மேல வயிறு தள்ளுன மாதிரி இருக்குங்க."

விளக்கைப் பிடித்துக் குனிந்தேன். அடுப்புக் குழாயின் கூரைத் தகடு கீழ்நோக்கிப் புடைத்திருக்கிறது. சேறு மேலே உட்கார்ந்திருந்தால் தண்ணீர் தகட்டைத் தொடாது; தகடு சூடேறி இளகும். ஆவி அழுத்த அழுத்தப் புடைக்கும். பிறகு வெடிக்கும்.

பலகைச் சுவருக்கு அந்தப்பக்கம் தேயிலை சலிக்கும் பெண்கள். பழனியாண்டியின் பெண்சாதி மருதாயியும் அங்கேதான். நான் ரங்கூனில் இருப்பேன்.

டீமேக்கர் இரத்தினபுரிக்குப் போயிருக்கிறாராம். வேறு யாரிடம் சொல்ல? நாளை ஞாயிறு, நல்லவேளை தீ இல்லை.

மே 20

இன்று நடந்ததை எழுதித்தான் ஆக வேண்டும்.

நான் போவதற்குள், இரத்தினபுரியிலிருந்து திரும்பிய டீமேக்கர் ஆள்விட்டுத் தீயை மூட்டச் சொல்லியிருந்தார். ஆவி அழுத்தம் காட்டும் முள் ஏறிக்கொண்டிருந்தது. அவரிடம் புடைப்பைச் சொன்னேன். "இண்டைக்கு மட்டும் ஓட்டும், காமில். நாளைக்கு நானே துரையோட கதைக்கிறன்."

எத்தனை 'இன்றைக்கு மட்டும்'?

கொக்கியை எடுத்தேன். "பழனியாண்டி, பொம்பளைகள வெளிய அனுப்பு. ஒருத்தரும் உள்ள வரப்படாது." எரிகிற கட்டைகளை முன்னால் இழுத்துப் போட்டேன். நெருப்பில் தண்ணீர் ஊற்றவில்லை. பாய்லருக்குள்ளும் புதுத் தண்ணீர் விடவில்லை. சுட்ட தகட்டில் குளிர்ந்தது பட்டால் வெடிக்க அதுவே போதும். காற்றுக் கதவை அடைத்துவிட்டு முள் இறங்கும்வரை நின்றேன். எஞ்சின் மெதுவாக நின்றது. மழைச் சத்தம் அப்போதுதான் காதில் விழுந்தது.

துரை வந்தார். கத்தவில்லை. என்னைப் பார்க்கவுமில்லை. "நாளைக்கு வேற ஆள் பத்த வைக்கும்" என்று டீமேக்கரிடம் சொல்லிவிட்டுப் போனார். என் வேலை போயிற்று. கொழுந்து குவியல் குவியலாய்ப் புளிக்கிறது.

றஹீமா என் பயணத்துக்குப் பெட்டியை இறக்கி வைத்தாள்.

மே 21

கொழும்பு ரயிலுக்குப் போகுமுன் சாவியைக் கொடுக்க ஸ்டோருக்குப் போனேன். புகைபோக்கியில் புகை இல்லை.

பழனியாண்டி வாசலில் குந்தியிருந்தான். அவனைத்தான் பற்றவைக்கச் சொல்லியிருக்கிறார்கள். "நா பத்த வைக்கமாட்டேங்க. பத்துச் சீட்டக் குடுத்து தோட்டத்த விட்டு வெரட்டுனாலும் சரிங்க." சலிக்கிற பெண்களும் உள்ளே போகவில்லை. மருதாயி நனைந்துகொண்டு அவன் பக்கத்தில் நின்றாள். எனக்குக் கப்பல் இருக்கிறது. இவர்களுக்கு இந்த லயத்து அறையை விட்டால் என்ன இருக்கிறது?

துரையின் கார் வந்து நின்றது. டீமேக்கர் விளக்கை வாங்கிக்கொண்டு, வெள்ளைக் கோட்டோடு அடுப்பு வாயில் தவழ்ந்து தலையை நுழைத்தார். வெளியே வந்தபோது முகமெல்லாம் கரி. நேரே துரையிடம் போய் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். குரல் நடுங்கியது. ஆனாலும் நிறுத்தாமல் சொன்னார். துரை கொழுந்தைப் பக்கத்துத் தோட்டத்துக்கு ஏற்றச் சொன்னார்.

நான் ரயிலுக்குப் போகவில்லை. கொழுந்துச் சாக்குகளைத் தூக்கிக் கொடுத்தேன்.

மே 27

கொழும்பிலிருந்து பாய்லர் பார்க்கிற வெள்ளைக்காரர் வந்தார். சுத்தியலால் தட்டிக்கொண்டே போனவர், புடைப்புக்கு வந்ததும் தட்டாமல் கையை எடுத்துக்கொண்டார். தீயை இழுத்தது யார் என்று கேட்டார். டீமேக்கர் என்னைக் காட்டினார். துரை தன் பூட்ஸைப் பார்த்தார்.

மே 31

கப்பல் போயிருக்கும். சாயந்தரம் டீமேக்கர் வீட்டுக்கே வந்தார். "துரை உம்மை வரச் சொல்லுறார்." மாதம் ஒரு ஞாயிறு பாய்லர் திறந்து சுரண்ட வேண்டும், அப்படியென்றால் வருகிறேன் என்றேன். "அதை நான் கேட்டு வாங்கிப்போட்டுத்தான் வந்தனான்" என்றார்.

பழனியாண்டியையும் பத்துச் சீட்டுக் கொடுத்து விரட்டவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

புதுத் தகடு போட்டபின் முதல் சுரண்டல். ஆவி வால்வைப் பூட்டிச் சாவியை மடியில் கட்டிக்கொண்டு ஆறிய பாய்லருக்குள் இறங்கினேன். வாயில் பழனியாண்டி காவல். சேறு குறைவு; சீக்கிரமே முடிந்தது. இரும்பு குளுகுளுவென்று இருந்தது. கொஞ்சம் முதுகைச் சாய்த்தேன்.

மருதாயி உள்ளே எட்டிப் பார்த்துச் சிரிக்கிற சத்தம் கேட்டுத்தான் கண் விழித்தேன். "நானா நல்லாத் தூங்குறாரு. எழுப்பாத" என்று புருஷனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.