விதை மொச்சையைச் சமைத்தவள்

என் செல்ல அண்ணி,

உங்கள் வீட்டுப் பின்பக்கம் இன்னும் சேறும் சகதியுமாகத்தான் கிடக்கிறது. நம் பாபடோயிட்டோய் ஊர் மழையைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா? துணி காயப்போட்டால் போதும், வந்துவிடும். நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகிவிட்டது. இன்னும் பத்து நாளில், ஆகஸ்ட்டோடு, இந்த நாட்டுக் குளிர்காலம் முடிகிறது. பந்தல் கம்பிகளை நிமிர்த்திவிட்டு, மண்ணைக் கொத்தலாமா என்று அண்ணன் என்னிடம் கேட்கிறார். நான் திருதிருவென்று முழிக்கிறேன்.

ஏன் முழிக்கிறேன் என்பதை உங்களிடம் சொல்லாமலே அனுப்பிவிட்டேன். அதுதான் என்னை அரிக்கிறது.

ஜூன் மாதம் நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது உங்கள் சமையலறை என் கையில் இருந்தது. அண்ணனும் உங்கள் மகள் தியாவும் பீட்சா தின்றே ஓய்ந்திருந்தார்கள். மேல்தட்டில் ஒரு பழைய காபி பாட்டில் நிறைய காய்ந்த மொச்சை இருந்தது. அத்தனையையும் ராத்திரி ஊறப்போட்டு, மறுநாள் கத்தரிக்காய் சேர்த்துப் புளிக்குழம்பு வைத்தேன். என் வாழ்நாளில் ஒழுங்காக வந்த ஒரே குழம்பு. அண்ணன் மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டார். "அத்தை, யூ ஷுட் குக் எவ்ரி டே" என்றாள் தியா. பெருமை தாங்காமல் உங்களுக்கும் ஒரு டப்பாவில் எடுத்து வந்தேன்.

இரண்டு வாய் சாப்பிட்டீர்கள். "நல்லாருக்கு கவி. மொச்சை எங்க வாங்கின?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீங்களே தொடர்ந்தீர்கள். "நம்ம வீட்டு பாட்டில்ல இருக்கறத மட்டும் எடுத்துடாத. அது விதை. ஆறு வருஷமா நல்ல காயா பார்த்துக் கொடியிலயே காயவிட்டு எடுத்தது. ஸ்பிரிங்குக்குள்ள நான் வரலைன்னா உங்க அண்ணனைப் போடச் சொல்லு."

"கடையில வாங்கினதுதான் அண்ணி" என்றேன்.

அப்போது லேசாகச் சிரித்தீர்களே, எதற்கு? தெரிந்துபோய்விட்டதா? வாயில் வைத்ததுமே உங்கள் மொச்சையின் ருசி உங்களுக்குப் புரியாமலா இருந்திருக்கும்?

நீங்கள் போன பிறகு நான் செய்தது அதைவிட மோசம். கடை மொச்சையை வாங்கி அதே பாட்டிலில் நிரப்பி வைத்தேன். போன மாதக் கடைசியில் அண்ணன் அதை எடுத்து, பன்னிரண்டு சின்னத் தொட்டிகளில் போட்டு ஹால் ஜன்னலோரம் வரிசையாக வைத்தார். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது தண்ணீர், வந்ததும் ஒரு பார்வை. எந்தக் காலத்து மொச்சையோ, கப்பலில் வரும்போது என்ன மருந்து அடித்தார்களோ, ஒன்றுகூட முளைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டீ குடித்துக்கொண்டே சொன்னார்: "அவ கை வெச்சாத்தான் முளைக்குது. எனக்கு ராசியில்ல கவி. அவளையும் காப்பாத்த முடியல, இதையும் முடியல."

பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன் அண்ணி. சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

நேற்று உங்கள் பக்கத்து வீட்டு ஃபிஜி அம்மா என்னை வேலியோரம் கூப்பிட்டார். டிஷ்யூவில் சுற்றி ஏழு விதை கொடுத்தார். போன வருஷம் நீங்கள் கொடுத்த காயில் எடுத்து வைத்ததாம். வீட்டில் யாரும் இல்லை, சாவி என்னிடம் இருந்தது. ஏழு தொட்டியில் ஒவ்வொன்றாக அழுத்திவிட்டால் முடிந்தது கதை. பத்து நாளில் முளைவிடும், அண்ணன் சிரிப்பார், யாருக்கும் தெரியாது. முதல் தொட்டியில் விரலால் குழிகூடப் போட்டுவிட்டேன்.

போடவில்லை. போட்டிருந்தால், முளைக்கிற ஒவ்வொரு இலையையும் காட்டி அவர் உங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நான் தலையாட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்யையே தினம் தினம் சொல்கிற மாதிரி.

இந்தச் சனிக்கிழமை போகிறேன். "உங்க கையில ஒரு குறையும் இல்லண்ணா. நீங்க போட்டது கடை மொச்சை. அண்ணி வெச்சிருந்த விதையை நான் குழம்பு வெச்சுட்டேன்" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். கத்தட்டும். ஆறு மாதம் பேசாமல் இருக்கட்டும். ஏழு விதையையும் அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். அவர்தான் போட வேண்டும். இது சத்தியம் அண்ணி.

நீங்கள் நம்பி அடுப்பை ஒப்படைத்த,
உங்கள் நாத்தனார் கவிதா