பன்னிரண்டாவது சுற்று முடிந்ததும்

என்னங்க,

மூக்குக்கண்ணாடியையும், இன்றைய குத்துச்சண்டைச் சங்க ஓட்டெடுப்புக்கு எழுதிய பேச்சுத் தாளையும் மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். என் அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன். மாத்திரை உங்கள் பெட்டியின் பக்க அறையில் இருக்கிறது, தேட வேண்டாம்.

தாளைப் படித்தேன். குத்துச்சண்டை சாம்பியன் போட்டியைப் பன்னிரண்டு சுற்றிலிருந்து பதினைந்தாக்க வேண்டும் என்ற பத்தியை மூன்று தடவை எழுதியிருக்கிறீர்கள். இரண்டை அடித்துவிட்டேன்.

நான் சாம்பியனான அன்று இன்னும் மூன்று சுற்று கிடைத்திருந்தால் புள்ளிக்கணக்கில் ஜெயிக்காமல், எதிராளியைப் படுக்கவைத்தே ஜெயித்திருப்பேன் என்கிறீர்கள். இருபது வருஷமாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வதுதான். நானும் டீயை வைத்துவிட்டுத் தலையாட்டியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் உங்களிடம் சொன்னதில்லை. அன்று கடைசி மணி அடித்ததும் உங்களைத் தோளில் தூக்கிச் சுற்றினார்கள். இறக்கிவிட்டதும் நேரே என்னிடம் வந்தீர்கள். கட்டிப்பிடிக்கத்தான் வருகிறீர்கள் என்று எழுந்து நின்றேன். நமக்குக் கல்யாணமாகி அப்போது நாலு வருஷம்.

"அக்கா, மேட்ச் எப்போ ஆரம்பிக்கும்?" என்று கேட்டீர்கள்.

"முடிஞ்சுபோச்சு. நீங்கதான் ஜெயிச்சீங்க" என்றேன். அந்தச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டீர்கள். நானும் பேச்சை எடுக்காமல் விட்டுவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

ஓட்டு உங்களுடையது. பதினைந்துக்கே போடுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். மேடையேறும் முன் இதையும் ஒருதரம் வாசித்துவிடுங்கள், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
அக்கா இல்லை, உங்கள் மனைவி