சுவிட்ச் போட்டதும் நான் போட்ட சத்தம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரை போடுகிறாரா, இல்லை இன்னும் தலையணைக்கடியில்தான் ஒளிக்கிறாரா? நான் நன்றாக இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

நாங்கள் இத்தனை மாதமாகப் பொருத்திய சோலார் பலகைகளை நேற்று ஊருக்குக் கரண்டு போகும் பெரிய லைனோடு இணைத்தோம். சுவிட்ச் போடும் வேலையை எனக்கே கொடுத்தார்கள். கைப்பிடியைத் திருப்பியதும் 'டமால்' என்றது. அது அப்படித்தான் சத்தம் போடும் என்று தெரிந்தும் 'அம்மா!' என்று அலறிவிட்டேன்.

எனக்கு ஷாக் அடித்துவிட்டதென்று நினைத்து சூப்பர்வைசர் பாய்ந்து வந்து அவசர பட்டனை அமுக்கிவிட்டார். மொத்தமும் நின்றுபோனது. உடனே லைனைக் கவனிக்கும் கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன்.

"என்னங்க, வந்த கரண்டு அதுக்குள்ள எங்க போச்சு?"

"ஒண்ணுமில்லைங்க, எங்க பொண்ணு அவங்க அம்மாவைக் கூப்பிட்டுச்சு" என்றார் சூப்பர்வைசர்.

அந்தப் பக்கத்திலிருந்து, "சரி, கூப்பிட்டு முடிச்சிருந்தா மறுபடி போடச் சொல்லுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு போட்டேன். திரையில் கரண்டின் அளவைக் காட்டும் எண் ஏற ஏற எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெயிலில் கண் கூசுகிறது என்று சமாளித்தேன்.

ஒரு உதவி செய். இங்கே அலாரம் அடித்தால் எழுந்திருக்கவே தோன்றவில்லை. காலையில் என்னைத் திட்டி எழுப்புவாயே, அதை அப்பா போனில் பதிவு செய்து அனுப்பு. கொஞ்சாதே, நிஜமாகவே திட்டு. பின்னால் குக்கர் விசில் அடித்தாலும் நிறுத்திவிடாதே, அதுவும் இருக்கட்டும்.

வேன் ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

உன் மகள்