குமுளி வரைக்கும் ஒரு டிக்கெட்

எறணாகுளம்
ஏப்ரல் 12

அன்புள்ள கஸ்தூரிக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நினைக்கத்தான் முடிகிறது. போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. நேற்று ஓவியாவை விட்டுப் பேசச் சொன்னேன். "அம்மா கோவமா இருக்காகப்பா, நீங்களே பாத்துக்கங்க" என்று அவளும் கழன்றுகொண்டாள். அதனால்தான் லாட்ஜுக்குக் கீழே உள்ள கடையில் பேப்பர் வாங்கி எழுதுகிறேன். பெண் கேட்டு வந்த காலத்துக்கு அப்புறம் உனக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இதுதான்.

மாநாடு நன்றாக நடக்கிறது. மூத்த பயணிகள் மாநாடு என்று பெயர். பெரிய மண்டபம், குளுகுளு ஏசி, கழுத்தில் அட்டை. 'ஒச்சாண்டி, நடத்துநர் (ஓய்வு), தேனி' என்று என் அட்டையில் போட்டிருக்கிறார்கள். இமயமலைக்கு எப்படிப் போவது, மூட்டுவலிக்காரர்கள் எந்த ஊருக்குப் போகலாம் என்றெல்லாம் மேடையில் பேசுகிறார்கள். ஒரு ஸ்டாலில் பெரிய திராட்சைத் தோட்டத்தின் படம். 'யாரும் பார்க்காத பள்ளத்தாக்கு' என்று எழுதியிருந்தது. உற்றுப் பார்த்தால் நம் கம்பம் பக்கம். கோட்டு போட்ட ஒரு பையன் என்னைப் பிடித்து உட்கார வைத்து அந்த ஊரின் அழகை விளக்கினான். "தம்பி, இந்தத் தோட்டத்துக்கு எதுத்தாப்லதான் எங்க வண்டி நிக்கும்" என்றேன். அவன் நம்பியதாகத் தெரியவில்லை.

சாயங்காலம் போட்டில் ஏறி ஃபோர்ட் கொச்சி போனேன். இறங்கி, கால் வலிக்கும் வரை நடந்தேன். வலித்ததும் சந்தோஷமாக இருந்தது. வேலை பார்த்த காலமெல்லாம் தேனியிலிருந்து குமுளி, குமுளியிலிருந்து தேனி. கேரளச் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவோம். செக்போஸ்ட்டைத் தாண்டி ரோடு திரும்புகிற அந்த வளைவுக்கு அப்பால் என்னதான் இருக்கிறது என்று பார்க்காமலே ரிட்டயர் ஆகிவிட்டேன். இது உனக்குப் புரிந்தால் போதும்.

திங்கள்கிழமை மாநாடு முடிகிறது.

அன்புடன்,
ஒச்சாண்டி


வீரபாண்டி
ஏப்ரல் 17

ஓவியா அப்பாவுக்கு,

கஸ்தூரி எழுதிக்கொள்வது. கடிதம் வந்தது. ஆள்தான் வரவில்லை.

போனில் பேசினால் நீங்கள் பேசியே ஜெயித்துவிடுவீர்கள். பஸ்ஸில் சில்லறை இல்லை என்று சொல்லிப் பழகிய வாய். நான் அழுதுவிடுவேன், விஷயம் அதோடு முடிந்துவிடும். எழுதினால் நான் சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லலாம் என்று இப்படி உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று கோயிலில் திருவிழாவுக்குக் கம்பம் நட்டாகிவிட்டது. நான் காப்புக் கட்டிக்கொண்டேன். இந்த வருஷம் அக்கினிச் சட்டி எடுக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். காப்புக் கட்டிய வீட்டு ஆட்கள் ஊர் எல்லைக்கு வெளியே ராத் தங்கக் கூடாது என்பதும் உங்களுக்குத் தெரியும். "கம்பம் நடுறதுக்கு முந்தி வந்து நிப்பேன்" என்று வாசலில் பையோடு நின்று சொன்னீர்கள். நானும் சரி என்று சோறு கட்டிக் கொடுத்தேன். பிறகுதான் கோபம் வந்தது.

நேற்று ஆற்றிலிருந்து தண்ணீர் எடுத்துக் கம்பத்துக்கு ஊற்றப் போனபோது பக்கத்து வீட்டுச் சந்தனம்மாள் அக்கா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஏத்தா, அண்ணன் எங்கன? கொச்சியிலயே தங்கிட்டாகளா?" என்றாள். நாளைக்கு வந்துவிடுவார் என்று சொல்லியிருக்கிறேன்.

மாத்திரை எடுத்துப் போனீர்களா என்று பார்த்தேன். பாதி அட்டை அலமாரியிலேயே கிடக்கிறது.

இப்படிக்கு,
கஸ்தூரி


மட்டாஞ்சேரி
ஏப்ரல் 21

அன்புள்ள கஸ்தூரிக்கு,

மாத்திரை இங்கேயே வாங்கிக்கொண்டேன். கவலை வேண்டாம்.

நீ அக்காவிடம் சொன்ன மாதிரி நான் இப்போதைக்கு வரவில்லை. கோபப்படாமல் படி.

மாநாட்டில் கடைசி நாள் எங்களை ஒரு பஸ்ஸில் ஏற்றி ஊர் சுற்றிக் காட்டினார்கள். ஒவ்வொரு இடத்திலும் யாராவது ஒருவர் காணாமல் போக, வண்டி நின்று நின்று போனது. எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து தலை எண்ண ஆரம்பித்தேன். அதற்கப்புறம் ஒரு இடத்திலும் தாமதம் இல்லை. அந்த பஸ்ஸை ஏற்பாடு செய்தவர் ஸ்டான்லி என்று ஒருவர், போடிக்காரர். அப்பா ஏலக்காய் வியாபாரம். இவர் இங்கே டூர் கம்பெனி வைத்திருக்கிறார். "அண்ணே, எங்கூட வந்திருங்க, வயசானவுக டூருக்கு உங்கள மாதிரி ஆளுதான் வேணும்" என்கிறார். மட்டாஞ்சேரியில் அவர் குடோன் மாடியில் ஒரு அறை கொடுத்திருக்கிறார். கீழே ஏலக்காய் மூட்டை. கண்ணை மூடினால் போடி பஜார். திறந்தால் கடல் காற்று. அதனால் திறந்தே வைத்திருக்கிறேன்.

கஸ்தூரி, ஒன்று கேட்கிறேன். எதற்காகச் சட்டி எடுக்கிறாய், அந்த வேண்டுதல் என்ன என்று நீ என்னிடம் சொல்லவே இல்லை. நிறைவேற்றும் வரைக்கும் வெளியே சொல்லக்கூடாது என்கிறாய். சொல்லாவிட்டால் எனக்குத் தெரியாதா? கால் ஒடிந்து ஒரு வருஷம் உன் கண் முன்னால் கிடந்தேன். எழுந்து நடக்க ஆரம்பித்ததும் நான் முதலில் கேட்டது, எங்கேயாவது போக வேண்டும் என்பதைத்தான். அப்போது உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். இந்த ஆள் இனி வீட்டோடு கிடக்கட்டும் என்றுதானே அம்மனிடம் கேட்டிருக்கிறாய்? காப்பு உன் கையில் இருக்கிறது, முடிச்சு என் காலில் விழுகிறது.

அந்த ஒரு வருஷமும் நான் பார்த்தது ஃபேனைத்தான். மறுபடியும் அந்த அறைக்குள் போய் உட்கார என்னால் முடியாது. உட்கார்ந்தால் செத்துப்போவேன் என்று பயமாக இருக்கிறது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
ஒச்சாண்டி


வீரபாண்டி
ஏப்ரல் 26

ஓவியா அப்பாவுக்கு,

அந்த அறையில் நீங்கள் மட்டும்தான் இருந்தீர்களா?

வேண்டுதலைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல மாட்டேன். மே 9, வெள்ளிக்கிழமை சட்டி எடுக்கிறேன். சட்டி எடுத்து வரும்போது பின்னால் ஒருவர் வேப்பிலையும் எண்ணெய்த் தூக்கும் பிடித்து வர வேண்டும். தீ அணைய விடக்கூடாது. அது வீட்டுக்காரர் செய்கிற வேலை. நீங்கள் ராத் தங்கியது தங்கியதாகவே இருக்கட்டும். பூசாரியிடம் கேட்டேன். "வந்து ஆத்துல முங்கி எந்திரிச்சுட்டு நிக்கச் சொல்லுத்தா, அம்மன் ஒண்ணும் சொல்லாது" என்றார். அம்மனே சொல்லாதபோது நான் என்ன சொல்லப் போகிறேன்?

அன்றைக்கு மட்டும் வந்துவிட்டுப் போங்கள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

கஸ்தூரி


மட்டாஞ்சேரி
மே 4

அன்புள்ள கஸ்தூரிக்கு,

உன் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே திரிகிறேன். இரண்டு தடவை பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போனேன். குமுளி போர்டு போட்ட வண்டி நின்றது. ஏறவில்லை. ஏறினால் திரும்பி வர மாட்டேன் என்று தோன்றியது. நீ அழுவாய், ஓவியா வந்து நிற்பாள், சந்தனம்மாள் புத்தி சொல்வாள். நானும் இருந்துவிடுவேன். பிறகு ஃபேன்.

எட்டாம் தேதி ஒரு குழுவைக் கன்னியாகுமரிக்குக் கூட்டிப் போகிறேன். ஸ்டான்லியிடம் ஒத்துக்கொண்டுவிட்டேன். திருவிழா முடிந்து வருகிறேன். உண்மையாக.

இங்கேயும் மனது ஒரு இடத்தில் நிற்பதில்லை. காலையில் ஒரு போட், சாயங்காலம் ஒரு போட், ஏறி அக்கரை போய் இறங்காமலே திரும்பி வருகிறேன். போன வாரம் ஆலப்புழைக்கு ஆட்களைக் கூட்டிப் போனபோது தலை எண்ணினேன். ஒன்று குறைந்தது. மறுபடி எண்ணினேன், சரியாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் ஆகிறது. யாரைத் தேடி எண்ணுகிறேன் என்று எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை கையை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்.

ஒச்சாண்டி


வீரபாண்டி
மே 15

ஓவியா அப்பாவுக்கு,

சட்டி எடுத்துவிட்டேன். கை சுடவில்லை. சந்தனம்மாள் அக்காதான் எண்ணெய்த் தூக்கோடு பின்னால் வந்தாள். வழி நெடுக உங்களைத் திட்டிக்கொண்டே ஊற்றினாள், ஆனால் தீயை அணைய விடவில்லை. கூட்டத்தில் இரண்டு இடத்தில் உங்கள் சட்டை மாதிரி தெரிந்தது. வேறு யாரோ.

நேற்று காப்பை அவிழ்த்து ஆற்றில் விட்டுவிட்டேன். இனி சொல்லலாம்.

உங்களுக்கு ஆபரேஷன் முடிந்த அன்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இனிமே வாக்கர்தாம்மா, வெளிய தெருவ போறதெல்லாம் கஷ்டம்" என்றார். அதை நான் உங்களிடம் சொல்லவில்லை, ஓவியாவிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்று நம் ஊர்ப் பக்கம் பார்த்து, "ஆத்தா, இந்த மனுசன் உக்காந்த எடத்துல இருந்தா செத்துப்போவாரு. கால மட்டும் குடு, சட்டி எடுக்கேன்" என்று வேண்டிக்கொண்டேன். வீட்டோடு கிடக்கட்டும் என்று கேட்கவில்லை. நடக்கட்டும் என்று கேட்டேன். எந்தப் பக்கம் என்று கேட்க மறந்துபோனேன்.

கன்னியாகுமரியில் நீங்கள் நடந்துகொண்டிருந்த நேரத்தில், அதற்காகத்தான் இங்கே நான் தீயோடு நடந்துகொண்டிருந்தேன். நீங்கள் எங்கேயாவது போக வேண்டும் என்று சொன்னபோது என் முகம் போன போக்கைப் பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். ஆனால் காரணம் வேறு. 'போகணும்' என்று சொன்னீர்கள். 'போவோம்' என்று சொல்லவில்லை. எனக்கு அது சுருக்கென்று இருந்தது. ஒரு வருஷம் அதே ஃபேனை நானும்தான் பார்த்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வண்டி தினமும் நம் ஊரைத் தாண்டித்தான் போகும். ஸ்டாப்பில் நின்று பார்ப்பேன், படியில் நின்று கை காட்டுவீர்கள். ஒரு நாள் என்னையும் குமுளி வரைக்கும் கூட்டிப் போங்கள் என்று கேட்டதற்கு, "கண்டக்டர் பொண்டாட்டி ஓசியில சுத்துறாம்பாய்ங்க" என்றீர்கள். அப்புறம் நான் கேட்கவே இல்லை. அந்த வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று நீங்கள் பார்க்கவில்லை. நான் அந்த வளைவையே பார்க்கவில்லை.

திருவிழா முடிந்து வருகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வர வேண்டாம். வந்தால் நாம் இரண்டு பேரும் மறுபடி அந்த அறைக்குள்தான் போய் நிற்போம்.

மே 25 ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பஸ் ஏறுகிறேன். குமுளி வரைக்கும் என் காசில் ஒரு டிக்கெட் எடுத்துக்கொள்வேன். செக்போஸ்ட் ஓரத்தில் நிற்பேன். உங்களுக்குத் தோன்றினால் அந்தப் பக்கத்திலிருந்து வாருங்கள். வராவிட்டால் ஒரு டீ குடித்துவிட்டு, நாலு பேர் போகிற பக்கம் நானும் கொஞ்ச தூரம் நடந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன். கோபத்தில் சொல்லவில்லை.

வந்தால், தலை எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு. எந்தப் பக்கத்துக்கு டிக்கெட் எடுப்பது என்று அங்கே நின்று பேசிக்கொள்ளலாம்.

கஸ்தூரி