எட்டுப் படுக்கை அறை

அல்மாத்தி,
ஏப்ரல் 14

என் வீட்டுக்காரருக்கு, சைரகுல் எழுதுவது.

நான் சுகம். நீங்கள் பதறிப்போயிருப்பீர்கள். கொஞ்சம் பதறட்டும் என்றுதான் சொல்லாமல் கிளம்பினேன். கைபேசியை மாவுப் பானையின் மேல் வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்தேன். மணி அடித்தால் எடுத்துவிடுவேன், எடுத்தால் உங்கள் குரலைக் கேட்டு மனம் இளகிவிடும். அதனால் நம் தோக்மோக்கிலிருந்து இங்கே சிற்றுந்து ஓட்டும் கசிபெக்கிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவனிடமே கொடுங்கள்.

நம் மகள் குல்பார் கல்யாணமாகிப் போனபோது விட்டுப்போன முதுகுப் பைதான் என் பெட்டி. நிலையத்தில் இறங்கி, "எங்கப்பா மலிவா தங்கலாம்?" என்று பை சுமந்த பிள்ளைகளைக் கேட்டேன். கையோடு கூட்டிவந்து விட்டார்கள். பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடி. ஓர் அறையில் எட்டுப் படுக்கை, ஒன்றின்மேல் ஒன்றாக. ஓர் இரவுக்கு ஒரு கிலோ ஆட்டுக்கறி விலைகூட ஆகவில்லை. முகப்பில் உட்காரும் தொக்ஜான் என்ற கசாக் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பெரியம்மா, யாரைக் கூட்டிட்டுப் போக வந்தீங்க?"

"யாரையும் இல்ல கண்ணு. படுக்க வந்தேன்."

"மேல் படுக்கைதான் இருக்கு. ஏறுவீங்களா?"

"வைக்கோல் போர்ல ஏறினவ நான். இதென்ன!" என்றேன். ஏறியும் காட்டினேன். அறையில் இருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள். என்ன மொழிக்காரர்களோ, கைதட்டல் எல்லா மொழியிலும் ஒன்றுதான்.

பசுவுக்குக் காலையில் வெந்நீரில் தவிடு கரைத்து வையுங்கள். குளிர்ந்த நீரென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

சைரகுல்


தோக்மோக்,
ஏப்ரல் 18

கிழவிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கசிபெக் அதைக் கொடுக்கும்போது ஒரு சிரிப்புச் சிரித்தான் பார், அங்கேயே அவன் வண்டிச் சக்கரத்தில் காற்றைப் பிடுங்கியிருப்பேன்.

அக்கம்பக்கத்தில் நீ உன் தங்கை வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். மூன்றாவது நாளே உன் தங்கை இங்கே வந்து நிற்கிறாள்! "அக்கா எங்க மச்சான்?" என்று தெருவே கேட்கும்படி கேட்டாள். நான் கொட்டகைக்குள் போய்ப் பசுவோடு நின்றுகொண்டேன்.

முன்பின் தெரியாத பையன்கள் படுக்கும் அறையிலா நீ தூங்குகிறாய்? இந்த வயதில் இது என்ன கூத்து? கோபம் என்றால் இரண்டு பாத்திரத்தை உடைக்க வேண்டியதுதானே.

தம்பி சுயுன் ஏரிக்கரையில் சாப்பாட்டுக் கடையைக் கழுவி வெள்ளையடித்துவிட்டான். ஜூனில் திறப்பு. "அண்ணி எப்ப வர்றாங்க?" என்று தினமும் கேட்கிறான். அங்கே நீ சமைப்பாய் என்று நான் வாக்குக் கொடுத்துவிட்டேன் என்பது உனக்குத் தெரியும். என் மானத்தைக் காப்பாற்று. உப்பு எங்கே வைத்திருக்கிறாய்?

தோக்தோசுன்


அல்மாத்தி,
ஏப்ரல் 25

வீட்டுக்காரருக்கு,

உப்பு அடுப்புக்கு வலப்புறம், நீலத் தகரத்தில். நம் கல்யாணத்திலிருந்து அங்கேதான் இருக்கிறது.

பையன்களைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஒருவன் சைக்கிளிலேயே துருக்கியிலிருந்து வந்திருக்கிறான். படுத்தால் பிணம். கீழ்ப் படுக்கையில் ஹருனா என்ற ஜப்பான் பெண். முதல் நாள் அவளுக்கு நல்ல காய்ச்சல். சந்தையில் ஆட்டெலும்பு வாங்கிச் சூப் வைத்துக் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை, எனக்கே தோன்றிச் செய்தேன். இப்போது நாங்கள் இரண்டு பேரும் எங்கே போனாலும் சேர்ந்துதான். அவள் தன் கைபேசியில் பேசுவாள், அது ரஷ்ய மொழியில் ஏதோ சொல்லும். நேற்று என்னைப் பார்த்து, "நீங்கள் வலிமையான குதிரை" என்றது. சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது.

நிலத்தடி ரயிலில் ஒரே பயணச்சீட்டில் முதல் நிலையத்திலிருந்து கடைசி வரை போய்த் திரும்பினோம். கம்பி வண்டியில் குன்றுக்கு ஏறினோம். பச்சைச் சந்தையில் ஒவ்வொரு கடையிலும் குதிரைக்கறியை ருசி பார்த்தே மதியச் சாப்பாட்டை முடித்தேன். புளித்த குதிரைப்பாலைக் குடித்துக்கொண்டே தொக்ஜான் "எங்க குமிஸ்தான் உங்க கிர்கிஸ் குமிஸை விட ஒசத்தி" என்கிறாள். "உங்க குதிரைங்க எங்க மலைக்கு வந்து மேஞ்சிட்டுப் போகுதோ என்னவோ" என்றேன்.

ஒருநாள் பட்டப்பகலில் படுத்துத் தூங்கிவிட்டேன். விழித்தபோது காலையா மாலையா என்று தெரியவில்லை. யாரும் என்னைத் தேநீர் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். மேல் படுக்கையில் கூரை மிகப் பக்கத்தில் இருக்கும். ஏனோ அழுகை வந்தது. துக்கம் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் விருந்தாளிகள் முன்னால் சுயுனிடம், "கூட்டிட்டுப் போடா, அவ சும்மாதானே இருக்கா" என்றீர்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் அத்தனை வருடம் நின்றுவிட்டு, ஓய்வு பெற்று இரண்டாவது மாதம். நான் அங்கே ரொட்டி நறுக்கிக்கொண்டிருந்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால், ஒருவேளை சரி என்றே சொல்லியிருப்பேன். அதுதான் எனக்கு ஆறவில்லை.

இந்த விடுதிக்காரியும் என்னைக் கேட்டாள்: காலைச் சமையல் செய்தால் சம்பளம், படுக்கை இலவசம். அவளாவது கேட்டாள். "வேண்டாம் கண்ணு, நான் இங்க விருந்தாளி" என்று சொல்லிவிட்டேன்.

சைரகுல்


தோக்மோக்,
மே 3

கிழவிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிறகு ஏரிக்கரைக்குப் பேருந்து ஏறினேன்.

நீ வராவிட்டால் என்ன, வாக்குக் கொடுத்தவன் நான், நானே சமைக்கிறேன் என்று சுயுனிடம் சொன்னேன். அவன் சிரித்தான். வெள்ளோட்டமாக, சாலை போடும் ஆட்களுக்கு மதியச் சாப்பாடு. மின்கம்பத்தில் ஏறிப் பழகிய எனக்கு ஓர் அண்டாச் சோறு என்ன பெரிது என்றுதான் நினைத்தேன். அடி தீய்ந்தது, நடு வெந்தது, மேலே அரிசி அரிசியாகவே நின்றது. ஒருவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "பெரியவரே, இதுல எதைச் சாப்பிடணும்?" என்று மரியாதையாகத்தான் கேட்டான். மாலையில் என் கால் இரண்டும் மரக்கட்டை. இதைத்தான் நீ குளிரிலும் காய்ச்சலிலும் செய்துவிட்டு, வீட்டுக்கு வந்து எனக்கும் சமைத்திருக்கிறாய்.

சுயுனிடம் சொன்னேன்: "அண்ணியை நான் கேக்கவே இல்லடா. கேக்காம கொடுத்த வாக்கு அது. வேற ஆள் பாரு."

"பொண்டாட்டிக்குப் பயந்துட்டியா அண்ணே?"

"பயம் இல்ல. வெக்கம்" என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அவன் கோபம் குளிர்காலத்துக்குள் தணியும்.

ஞாயிற்றுக்கிழமை கசிபெக் வண்டியில் வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். பையைக் கட்டி வை.

தோக்தோசுன்


அல்மாத்தி,
மே 4

வீட்டுக்காரருக்கு,

அரிசிக்குத் தண்ணீர் ஊற்றியபின் மூடியைத் திறந்து திறந்து பார்த்திருப்பீர்கள். உங்கள் குணம் அது. படித்துவிட்டுச் சமையலறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்று, வேறொன்று வந்தது. அதை எழுதத் தெரியவில்லை.

ஆனால் பையைக் கட்ட மாட்டேன். பார்த்தீர்களா, இதையும் என்னைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டீர்கள்!

சனிக்கிழமை ஹருனாவோடு மலைமேல் போகிறேன். மேய்ச்சல்வெளியில் கூடாரத்தில் ஓர் இரவு. அவள் அதன்பின் தாஷ்கண்ட் ரயில் ஏறுகிறாள், என்னையும் கூப்பிடுகிறாள். போகலாமா என்று யோசிக்கிறேன். அங்கிருந்து சாமர்கண்ட் பக்கம்தானாம், அதன் நீலக் கூரைகளைப் பாடப்புத்தகத்தில் பார்த்ததோடு சரி.

நீங்கள் வருவதானால் என்னைக் கூட்டிப்போக வராதீர்கள். தங்க வாருங்கள். துண்டு கொண்டுவாருங்கள், இங்கே துண்டுக்குத் தனிக்காசு. காலணியை வாசலிலேயே விட வேண்டும். உங்களுக்கு யாரும் தேநீர் போட்டுத் தர மாட்டார்கள், நான் உட்பட. இதெல்லாம் சரிப்படாது என்றால் தோக்மோக்கிலேயே இருங்கள். எனக்கு வருத்தம் இருக்காது என்று சொன்னால் அது பொய். ஆனாலும் இருங்கள்.

சைரகுல்


அல்மாத்தி, விடுதி
மே 7, ஞாயிறு

சைரகுல்,

இதை உன் தலையணைமேல் வைக்கிறேன். வந்து சேர்ந்தேன். நீ மலையிலிருந்து இன்னும் இறங்கவில்லை, இருட்டுவதற்குள் வருவாய் என்று தொக்ஜான் சொன்னாள். பசுவை உன் தங்கையிடம் விட்டிருக்கிறேன். மாதக் கடைசி வரை பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள், சொல்லும்போது ஒரு மாதிரி சிரித்தாள். சிரிக்கட்டும்.

சன்னலோரம் மேல் படுக்கை கிடைத்திருக்கிறது. ஏறும்போது முழங்கால் மடக்கென்றது. சைக்கிள்காரப் பையன் பின்னாலிருந்து தள்ளிவிட்டான். நல்ல பிள்ளை. தேநீர் நானே போட்டேன், அவனுக்கும் ஒரு கோப்பை. ஒரு வாய் குடித்துவிட்டுச் சர்க்கரை டப்பாவைத் தேடினான்.

உன்னைக் கூட்டிப்போக வரவில்லை. தாஷ்கண்ட் ரயிலில் இன்னும் இடம் இருக்கிறதா என்று தொக்ஜானிடம் கேட்டேன். இருக்கிறதாம். வாங்கவில்லை. உன்னைக் கேட்காமல் வாங்கக்கூடாது என்று வைத்திருக்கிறேன். நானும் வரட்டுமா?

எனக்கு இந்த ஊரில் ஒரு தெருவும் தெரியாது. உனக்குத் தெரியும். இத்தனை வருடம் நான் முன்னால் போய்க்கொண்டே இருந்தேன், நீ வருகிறாயா என்று திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. இந்த முறை நீ முன்னால் நட. உன் பின்னால் வந்து பார்க்க ஆசையாக இருக்கிறது.

உன்
தோக்தோசுன்