அரைகுறைப் பண்டிதருக்கு ஒட்டிய வால்

ஜூன் 3, செவ்வாய்
அக்காவின் ஆராய்ச்சி முடிந்தது. ஒரே ஒரு ஆங்கில வசைச்சொல்லின் பிறப்பைத் தேடி ஐந்து வருட ஓட்டம். கிரமாட்டிகாஸ்டர்: அரைகுறை இலக்கணப் பண்டிதர். வசவுக்கு டாக்டர் பட்டம் உண்டென்றால் அம்மா எப்போதோ டாக்டர்.

ஜூன் 5
ஆலிவ் மாதிரியே நிற்கும் காட்டு மரத்துக்கு லத்தீனில் 'ஒலியாஸ்டர்' என்று பெயராம். காயில் எண்ணெய் தேறாது. அந்த 'ஆஸ்டர்' வாலைப் பண்டிதருக்கு ஒட்டினால், பார்க்கப் பண்டிதர், பிழிந்தால் ஒன்றுமில்லை.

"உன்ன மாதிரி ஒரு வாலுடி" என்றாள் அக்கா. பெருமையாக இருந்தது.

ஜூன் 8, ஞாயிறு
அடுத்த வாரம் அக்காவுக்கு வைவா, பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. வீட்டில் ஒத்திகை. அப்பாவின் கோட்டு, அம்மாவின் கண்ணாடி, பவுடர் போட்டு நரைத்த தலை. தேர்வாளர் நானேதான்.

"மாணவியே, காலையில் பல் விளக்கினாயா?"

"விளக்கினேன், ஐயா."

"இந்தச் சொல் முதல்ல வந்த புத்தகம்னு ஒண்ணை எழுதியிருக்கியே, அதைக் கண்ணால பாத்தியா?"

சும்மா மிரட்டினேன். சிரிப்பாள் என்று பார்த்தால் முகம் விழுந்துவிட்டது.

"இல்லடி. எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. நானும் எடுத்துப் போட்டுட்டேன்."

ஐயோ. இந்த வாயை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?

ஜூன் 9
நூலகத்துக்கு எழுதி அந்தப் பக்கத்தின் படம் கேட்டிருக்கிறாள். சாப்பிடவில்லை. அம்மா என்னை முறைக்கிறாள்.

ஜூன் 11
படம் வந்தது. எழுத்தெழுத்தாகத் தேடினோம். சொல் அங்கே இல்லவே இல்லை! யாரோ தப்பாக எழுதியதை அடுத்தவர் பார்க்காமல் எழுத, அவரைப் பார்த்து இன்னொருவர்... கடைசியில் அக்கா. அவளுடைய முக்கியமான அத்தியாயம் அதன் மேல்தான் நிற்கிறது.

"அஞ்சு வருஷமா யாரைப் பத்தி எழுதினேனோ, அது நான்தான்டி."

"கேள்வி கேக்கறவங்களுக்கு எங்கே தெரியப்போகுது, அக்கா? பேசாம விட்டுடு."

"எனக்குத் தெரியுமே."



ஜூன் 16
வைவாவுக்கு உள்ளே போனதும் அந்தத் தப்பை அவளே சொல்லிவிட்டாளாம். வெளியே நான் நகத்தை எல்லாம் தின்று தீர்த்தேன். பட்டம் போச்சு என்றே நினைத்தேன்.

"அத்தியாயத்தைத் திருத்தி எழுதணும். எழுதினா பட்டம்" என்றபடி வந்தாள். "தேர்வாளர் ஒருத்தர் தன் புத்தகத்துலயும் அதே தப்பைப் போட்டிருக்கார். தலையைச் சொறிஞ்சாருடி."

செப்டம்பர் 7, ஞாயிறு
புது அத்தியாயம் தயார். அனுப்புவதற்கு முன் கோட்டை அவளே எடுத்துவந்து என் தோளில் போட்டாள். என் கேள்வியைக் கேட்டுச் சிரிக்காதவள் இந்த உலகத்தில் இவள் ஒருத்திதான். நன்றி என்று நேரில் சொன்னால் கிண்டல் செய்வாள். இங்கேயே இருக்கட்டும்.

"மாணவியே, காலையில் பல் விளக்கினாயா?"

"இல்லை, ஐயா" என்றாள். இரண்டாவது கேள்விக்கு நான் வாயைத் திறப்பதற்குள், தான் பார்த்த பக்கங்களின் படங்களை மேசை முழுக்கப் பரப்பிவிட்டாள்.